உளியும் உலையும்

ஆரணிப் பட்டை அறியாதார் தமிழகத்தில் இல்லை. அதை நெய்த நெசவாளியின் கைத்திறனைப் புகழாதாரும் இல்லை. ஆனால் அந்நெசவாளி அமர்ந்திருக்கும் தறியைச் செய்தவன் யார் என்று கேட்பவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம். அத்தறியைச் செய்த தச்சனுக்கு உளி அடித்துக் கொடுத்தவன் யார் என்று கேட்பவரோ ஆயிரத்தில் ஒருவர்கூட இரார். பட்டுக்குப் பின்னால் தறி நிற்கிறது. தறிக்குப் பின்னால் உளி நிற்கிறது. உளிக்குப் பின்னால் ஒரு கொல்லனும் அவனது உலையும் நிற்கின்றன. இச்சங்கிலியின் கடைசிக் கண்ணி இற்றுப்போனால் முதற்கண்ணி எத்தனை காலம் தாங்கும்? இக்கேள்வியையே இன்று வாசகர்களின் முன் வைக்க விரும்புகிறோம்.

ஜவ்வாது மலையில் பிறந்து பாலாற்றில் கலக்கும் செய்யாற்றின் கரையில் திருவத்திபுரம் என்னும் ஊர் இருக்கிறது. நகராட்சியின் பெயர் இன்றும் அதுவே. ஜனங்களின் வாயில் வழங்குவதோ நதியின் பெயர். செய்யாறு என்றும் செய்யார் என்றும் சொல்வார்கள். திருஞானசம்பந்தர் ஆண்பனைகளைப் பெண்பனைகளாக்கினார் என்று புராணம் கூறும் திருவோத்தூர் வேதபுரீசுவரர் ஆலயம் இவ்வூரிலேயே உள்ளது. மேற்கே ஆரணி, வடகிழக்கே காஞ்சீபுரம். இரண்டும் பட்டுக்குப் பெயர்பெற்றவை. உழவு, நெசவு, கோயில் என்ற மூன்றும் சேர்ந்து வளர்த்த வட்டாரம் இது. மூன்றுக்கும் பொதுவான துணைவன் ஒருவன் இருந்தான். உழவனுக்குக் கொழுவும் அரிவாளும், தறிக்கு இரும்புறுப்புக்களும், தேரும் வாகனமும் செதுக்கும் சிற்பிக்கு உளியும் அவனிடமிருந்தே வந்தன. அவனே கொல்லன்.

இன்று கலப்பையின் இடத்தை டிராக்டர் பிடித்துக்கொண்டது. அரிவாள் கடையில் தொங்குகிறது. செய்யாற்றை அடுத்த சிப்காட் தொழிற்பேட்டையில் காலணி ஆலைகள் எழுந்துள்ளன; சுற்றுக் கிராமங்களின் வாலிபர்களும் பெண்களும் அங்கே மாதச் சம்பளம் வாங்குகிறார்கள். இதை நாம் குறை கூறவில்லை. வயிற்றுக்கு வழி தேடுவது குற்றமாகாது. ஆனால் உலை அணைந்த ஊரில் உளி எங்கிருந்து வரும் என்பதை யோசிக்காமல் இருப்பது குற்றமே.

பாராட்டும் பாராமுகமும்

மரச் சிற்பத்துக்குத் தமிழகத்தில் குறைவில்லை. சேலம் ஜில்லாவில் தம்மம்பட்டி, பெரம்பலூர் ஜில்லாவில் அரும்பாவூர், நமது அண்டை ஜில்லாவான கள்ளக்குறிச்சி ஆகிய இடங்களில் நூற்றுக்கணக்கான கைகள் இன்றும் மரத்தைத் தெய்வமாகவும் யாளியாகவும் மாற்றிக்கொண்டிருக்கின்றன. அரும்பாவூர் மரச் சிற்பம் 2020-லும், கள்ளக்குறிச்சி மரச் சிற்பம் 2021-லும் புவிசார் குறியீடு பெற்றன. சந்தோஷமான செய்திதான். எனினும் அச்சிற்பங்களைச் செதுக்கும் உளியைப் பற்றி எந்த விழா மேடையிலும் ஒரு வார்த்தை பேசப்படுவதாகத் தெரியவில்லை.

சிற்பிக்கு ஓர் உளி போதாது. தட்டையான வாய் உள்ளது, நகம்போல் வளைந்தது, ஆழக் குழிந்தது, முக்கோண வாய் கொண்டது, கரண்டிபோல் கழுத்து வளைந்தது என்று ஒருவனுடைய பெட்டியில் நாற்பது ஐம்பது உளிகள் இருப்பது சாதாரணம். மேலைநாட்டார் இவற்றுக்கு எண் இட்டுவிட்டார்கள். இங்கிலாந்தின் ஷெப்பீல்டு நகரத்துத் தொழிலாளர் வளைவுக்கு ஒன்றாகவும் அகலத்துக்கு ஒன்றாகவும் பட்டியலிட்டு, உலகெங்கும் அனுப்பி விற்றார்கள். அந்த உளிகள் நல்லவையே. ஆனால் அவை அந்நாட்டு மரத்துக்கும், அந்நாட்டு அலங்காரத்துக்கும், மேஜைமுன் நின்று வேலை செய்யும் பழக்கத்துக்கும் ஏற்றவை. நமது சிற்பி தரையில் அமர்ந்து, காலால் கட்டையைப் பிடித்துக்கொண்டு, கொட்டாப்புளியால் உளியின் தலையில் அடித்து வேலை செய்கிறான். யாளியின் பிடரி மயிருக்கும் அம்மனின் கிரீடத்து மணிக்கும் வேண்டிய வளைவு அப்பட்டியலில் எந்த எண்ணில் இருக்கிறது? இல்லாத வளைவை அவன் தன் ஊர்க் கொல்லனிடம் மரத்துண்டில் வரைந்து காட்டிச் செய்வித்துக்கொண்டான். அக்கொல்லன் இல்லாதபோது சிற்பி என்ன செய்வான்? இருக்கும் உளிக்கு ஏற்றபடி சிற்பத்தை மாற்றிக்கொள்வான். கருவிக்காகக் கலை குறுகும். அடிமைத்தனங்களுள் இதுவும் ஒன்று. சத்தமில்லாமல் வருவதால் யாரும் கவனிப்பதில்லை.

எஃகு பிறந்த நாடு

இரும்பு நமக்கு அந்நியப் பொருளா? தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, சிவகளையில் கிடைத்த இரும்பின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டுசெல்கிறது. கிருஷ்ணகிரி ஜில்லா மயிலாடும்பாறையில் கிடைத்ததன் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவிக்கப்பட்டது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சம் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது.

பழங்கதையை விடுவோம். 1790-களில் நம் நாட்டு எஃகுக் கட்டிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, அங்குள்ள விஞ்ஞானிகளால் சோதிக்கப்பட்டன. மைக்கேல் பாரடே 1819 முதல் அதை ஆராய்ந்தார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் கத்தி செய்பவரோடு சேர்ந்து எஃகுக் கலவைகளைப் பற்றிய பரிசோதனைகளை 1820-ல் வெளியிட்டார். 1830-ல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர், கம்பெனி உத்தியோகத்தைத் துறந்து, சேலத்து இரும்புக் கனியத்தைக் கொண்டு பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை ஒன்றைத் தொடங்கினார். அது நிலைக்கவில்லை, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அணைந்துபோயிற்று. அவரே 1839-ல் எஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு இங்கிலாந்தில் உரிமை பெற்றார். அம்முறை ஷெப்பீல்டு எஃகை மலிவாக்கியது. ஷெப்பீல்டு உளி பிறகு நம் ஊர்க் கடைக்கு வந்தது. எஃகால் உலகத்தை வியக்கச் செய்த நாடு, மரம் செதுக்கும் சிற்றுளிக்கு அயல்நாட்டு முத்திரையைத் தேடலாயிற்று.

இதைச் சொல்லிப் புலம்புவதால் பயனில்லை. 1934-ல் மகாத்மா காந்தி அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை ஏற்படுத்தி, தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பாவிடம் அதன் காரியதரிசிப் பொறுப்பைக் கொடுத்தபோது, புலம்பலுக்குப் பதிலாக வேலையையே நம் முன் வைத்தார். நாமும் வேலையையே பேசுவோம். ஒரு வாலிபன் தன் உளியைத் தானே அடித்துக்கொள்ள விரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் எதைக் கற்கவேண்டும்?

உலைக்களத்தின் பாடங்கள்

முதற்பாடம் இரும்பை அறிவது. எஃகு என்பது இரும்போடு சிறிது கரி கலந்த பொருள். அந்தச் சிறிதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நூற்றுக்குக் கால் பங்குக்கும் குறைவாகக் கரியுள்ள மெல்லிரும்பை எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் அதில் கூர் நில்லாது. லாரியின் பழைய வில்பட்டையில் நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேலும், தேய்ந்துபோன அரத்தில் ஒரு பங்குக்கு மேலும் கரி உண்டு. ஆகையால் கழித்துப்போட்ட பட்டையும் அரமும் உளிக்கு உகந்தவை. சந்தேகம் இருந்தால் சாணைச் சக்கரத்தில் பிடித்துப் பார்க்கலாம். மெல்லிரும்பின் பொறி நீண்ட கோடாக ஓடும். கரி மிகுந்த எஃகின் பொறி பூப்பூவாக வெடிக்கும். அரத்தை எடுப்பவன் அதன் பற்களை முழுவதும் தேய்த்து நீக்கவேண்டும். இல்லாவிட்டால் பல்லின் பள்ளமே பின்னர் விரிசலாகும்.

இரண்டாம் பாடம் நெருப்பை அறிவது. சீமைக்கருவேலக் கரியும், துருத்தியோ கையால் சுற்றும் காற்றுச் சக்கரமோ இருந்தால் போதும். கொல்லப் பட்டறை இருட்டாக இருப்பதைக் கண்டு இரக்கப்படுவோர் உண்டு. அந்த இருட்டு வறுமையால் மட்டும் வந்ததன்று. காய்ந்த இரும்பின் நிறத்தை வெயிலில் காண இயலாது. நிழலில்தான் அது உண்மையைச் சொல்லும். ஆரஞ்சு நிறம் மஞ்சளாகும் வேளை, ஏறக்குறைய 1000 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில், எஃகு சுத்திக்கு இணங்கும். மங்கிய சிவப்புக்கு இறங்கியபின் அடித்தால் உள்ளே வெடிப்பு உண்டாகும். வெண்மையாகி மத்தாப்புப் பொறி சிதறினால் எஃகு எரிந்துவிட்டது என்று அர்த்தம். எரிந்த எஃகைத் திருத்த எந்த வைத்தியனாலும் ஆகாது.

மூன்றாம் பாடம் அடிப்பது. குறட்டால் பிடித்து, பட்டடைமேல் வைத்து, முதலில் காம்பை நீட்டவேண்டும். பிடி ஏறிப் பிளக்காமலிருக்கக் காம்பின் அடியில் ஒரு தோள் விடவேண்டும். பின்னர் மறுமுனையை விசிறிபோல் தட்டையாக விரிக்கவேண்டும். தடிப்பு எங்கும் ஒரே சீராக இருப்பது முக்கியம். வளைவு வேண்டுமானால், அரைவட்டப் பள்ளம் உள்ள இரும்பின்மேல் தகட்டை வைத்து, அப்பள்ளத்துக்கேற்ற உருண்டைக் கம்பியை அதன்மேல் பிடித்து அடித்தால் தகடு பள்ளத்தில் படிந்து வளையும். அடித்து முடிந்ததும் சிவக்கக் காய்ச்சிக் காற்றில் ஆறவிடவேண்டும். இதை மூன்று முறை செய்தால் அடியினால் எஃகினுள் உண்டான இறுக்கம் தணியும். ஆறியபின் அரத்தால் வாயைச் சரிசெய்யலாம். ஆனால் முனையை அப்போதே கத்திபோல் மெலியவிடக்கூடாது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிப்பு மிச்சமிருக்க வேண்டும். மெலிந்த முனை தோய்ச்சலில் கோணும், அல்லது வெடிக்கும்.

நான்காம் பாடமே தொழிலின் உயிர்நிலை. தோய்ச்சல் என்று கொல்லர் சொல்வது அதுதான். உளியின் வாயை ஒரே சீரான சிவப்பாகக் காய்ச்சவேண்டும். எவ்வளவு சிவப்பு? அனுபவமுள்ள கண் சொல்லும். அனுபவமில்லாதவனுக்கு ஒரு காந்தத் துண்டு குருவாகும். எஃகு 770 டிகிரியை எட்டும்போது காந்தம் அதைப் பற்றாது. அதற்குச் சற்று மேலே போனதும் எடுத்து, வெதுவெதுப்பான எண்ணெயில் நேராக இறக்கவேண்டும். வில்பட்டை எஃகைத் தண்ணீரில் தோய்த்தால் பெரும்பாலும் வெடித்துவிடும். எண்ணெய் தீப்பிடிக்கக்கூடும், ஆகையால் பாத்திரத்துக்கு மூடி பக்கத்தில் இருக்கட்டும். தோய்த்து எடுத்த உளியின்மேல் அரத்தை ஓட்டினால் அது கண்ணாடியில் ஓடுவதுபோல் வழுக்கவேண்டும். வழுக்கினால் வைரம் பாய்ந்துவிட்டது என்று அறியலாம்.

ஆனால் இந்த நிலையில் உளி கண்ணாடி போலவே உடையவும் உடையும். ஆகவே வைரத்தைச் சிறிது இறக்கி, பதம் கொடுக்கவேண்டும். வாயைப் பளபளப்பாகத் தேய்த்து, காம்புப் பக்கத்திலிருந்து மெதுவாகச் சூடேற்றினால், நிறங்கள் ஊர்வலம்போல் வாயை நோக்கி வரும். முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, கடைசியில் நீலம். மரம் செதுக்கும் உளிக்கு வைக்கோல் நிறமே போதும். அது 220 முதல் 240 டிகிரி வரையிலான உஷ்ணத்தின் அடையாளம். அந்நிறம் வாயைத் தொட்ட கணத்தில் உளியைக் குளிர்விக்கவேண்டும். ஒரு நொடி தாமதித்தால் பழுப்பு வந்துவிடும். நீலம் வரை விட்டவன் உளியின் கூரை இழந்தான். பல நாழிகை உழைப்பு ஒரு நொடியின் கவனத்தில் நிற்கிறது.

கடைசியாகப் பிடி போட்டு, கல்லில் தீட்டி, தோல்வாரில் ஒற்றினால் உளி தயார். பார்ப்பதற்கு ஒரு சாண் இரும்புதான்.

முறிந்த உளி கற்பிப்பது

முதல் உளி பெரும்பாலும் முறியும். இரண்டாவது மழுங்கும். மூன்றாவது கோணும். இதில் வெட்கப்பட ஏதுமில்லை. முறிந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் குற்றம் எங்கே என்று தெரியும். முறிவின் முகம் சர்க்கரைபோல் பருமணியாக மின்னினால் நெருப்பு மிஞ்சிற்று. பட்டுப்போல் நுண்மையாகச் சாம்பல் நிறம் காட்டினால் காய்ச்சல் சரி, பதம்தான் தவறு. செய்த தப்பைக் கையில் எடுத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் இப்படிப்பட்ட பாடம், புத்தகத்தை உருப்போட்டுப் பரீட்சை எழுதும் நமது பள்ளிகளில் எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது?

உளியைத் தானே அடிக்கக் கற்ற சிற்பிக்கு வேறொரு லாபமும் உண்டு. வேம்புக்கு ஒரு வாய், தேக்குக்கு ஒரு வாய், தேருக்குரிய இலுப்பைக்கு ஒரு வாய் என்று கருவியை மரத்துக்கு இணங்க மாற்றிக்கொள்ள அவனால் முடியும். மழுங்கினதும் கடைக்கு ஓடவேண்டியதில்லை. புது வளைவு வேண்டுமானால் ஒருவருடைய பட்டியலையும் பார்க்கவேண்டியதில்லை. தன் கருவிக்குத் தானே எஜமானனாக இருப்பதற்கே தொழிலில் சுயராஜ்யம் என்று பெயர்.

பிறப்பும் பயிற்சியும்

இங்கே ஓர் ஆட்சேபம் எழும் என்பதை அறிவோம். கொல்லன் பிள்ளை கொல்லனாகவே இருக்கவேண்டும் என்று சொல்ல வருகிறீர்களா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. 1953-ல் ராஜாஜி சென்னை மாகாணத்தில் கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மற்ற நேரம் பெற்றோரின் தொழிலிலும் பயிலலாம் என்றது. குலக்கல்வி என்று நாடெங்கும் எதிர்ப்பு மூண்டது. 1954-ல் காமராஜர் முதல் மந்திரியானதும் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. உலையின் சூட்டையும் புகையையும் சொற்பக் கூலியையும் பிறப்பினாலேயே ஒருவன் தலையில் கட்டுவது தர்மமாகாது.

எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த வாதம் ஓயவில்லை. மத்திய சர்க்கார் 2023 செப்டம்பரில் தொடங்கிய விசுவகர்மா திட்டத்தில் கொல்லரும் தச்சரும் கருவி செய்வோரும் உட்பட 18 தொழில்கள் சேர்ந்தன. பயிற்சியும், குறைந்த வட்டிக் கடனும், கருவி வாங்க 15,000 ரூபாயும் அதில் உண்டு. குடும்பத் தொழிலை நிபந்தனையாக வைப்பது குலத்தொழிலை வளர்க்கும் என்று கூறித் தமிழக அரசு அதை ஏற்காமல், 25 தொழில்களுக்குக் குடும்ப வழியைப் பாராத வேறொரு கைவினைத் திட்டத்தை 2025-ல் தொடங்கியது. இந்த விவாதத்தில் எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்குவது நமது வேலையன்று. நாம் சொல்வது இதுதான்: கையால் செய்யும் கல்வியில் தோஷமில்லை, கையைப் பிறப்போடு கட்டிப்போடுவதில்தான் தோஷம். குலக்கல்வியை மறுத்தது சரி. ஆனால் குலத்தை மறுக்கிறோம் என்று தொழிலையே மறந்துவிடுவது சரியல்ல. கொல்லன் மகன் வைத்தியனாகட்டும். வைத்தியன் மகளோ, நெசவாளியின் மகனோ, நிலமில்லாத கூலியின் பிள்ளையோ உலைக்களத்தில் நின்று எஃகின் நிறத்தைப் படிக்கட்டும். இரண்டும் நிகழும் நாளிலேதான் தொழிலுக்கு மரியாதை வரும்.

செய்யவேண்டியது

பெரிய திட்டங்களை நாம் கோரவில்லை. மூன்று காரியங்கள் போதும்.

முதலாவது: மரச் சிற்பம் கற்பிக்கும் ஒவ்வொரு நிலையத்திலும் உளி அடிப்பதும் பாடமாக இருக்கவேண்டும். 1957-ல் மாமல்லபுரத்தில் நிறுவப்பட்ட அரசினர் சிற்பக் கல்லூரியானாலும் சரி, தம்மம்பட்டியில் ஒரு மூத்த சிற்பியின் திண்ணையானாலும் சரி, தன் முதல் ஐந்து உளிகளைத் தானே அடித்து முடிக்காத மாணவனுக்குப் பயிற்சி பூர்த்தியாகவில்லை என்று ஒரு விதி செய்யட்டும்.

இரண்டாவது: கருவிக்கென்று சர்க்கார் கொடுக்கும் பணம் ஊர்க் கொல்லனின் பட்டறையிலும் செல்லுபடியாக வேண்டும். சிற்பிக்குக் கொடுத்த பணம் தொலைதூர ஆலையின் பெட்டியில் போய் விழுந்தால், ஒரு கைத்தொழிலை வாழவைத்து மற்றொன்றைப் பட்டினி போட்டவர்களாவோம்.

மூன்றாவது சர்க்காரின் வேலையன்று, நம்முடையது. செய்யாற்றங்கரையில் இன்னும் உலை எரியும் பட்டறை ஏதேனும் இருந்தால், அதைத் தேடிச் செல்லவேண்டும். நம் வீட்டு அரிவாளை, அரிவாள்மனையை, தச்சனின் உளியை அங்கே அடிக்கக் கொடுக்கவேண்டும். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கவேண்டும். வேலை முடியும்வரை வாசலில் நிற்காமல், உள்ளே சென்று காற்றுச் சக்கரத்தைச் சிறிது நேரம் சுற்றிக் கொடுக்கவேண்டும். கற்பது அங்கேதான் தொடங்குகிறது.

சுதேசி என்பது அந்நியத் துணியை மறுப்பதோடு முடிந்துவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். துணியை நெய்யும் தறியும், தறியைச் செய்யும் உளியும், உளியை அடிக்கும் அறிவும் நம்மிடம் இருந்தால்தான் சுதேசி பூர்த்தியாகும். சிற்பத்தைப் பார்த்துக் கைகூப்பும் நாம், அதைச் செதுக்கிய உளியையும், அவ்வுளிக்கு வைக்கோல் நிறத்தில் பதம் பார்த்த கண்ணையும் நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். அந்தக் கண்ணுக்கு வாரிசு தேடவேண்டியது இப்போதே. உலை அணைந்தபின் கரியை ஊதிப் பயனில்லை.